கவர்மெண்டுப் பல்

மச்சான்,

என் எழுத்து கோணலாக இருக்கும். சாமைக் கொல்லையில் பன்றி புகுந்த மாதிரி ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. ஒரு வரி முடிவதற்குள் வெற்றிலையை இடித்து வாயில் போட்டுத் துப்பியும் விடலாம். மன்னித்துக்கொள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பிறகு யோசித்தேன், உனக்கு எதற்கு மன்னிப்பு? நீ கைநாட்டாகவே போனவன். முத்து முத்தாக எழுதினாலும் உனக்கு ஒன்றுதான். நான் இப்போது என் பெயரை எழுதுகிறேன். உன் பெயரையும் எழுதுகிறேன். உன் பெயரில் ஒரு கால் போடாமல் விட்டால் நீ நொண்டியாகிவிடுகிறாய். நேற்று வேண்டுமென்றே விட்டுப் பார்த்தேன். வெகு நேரம் சிரித்தேன்.

இன்று முதியோர் பள்ளிக்கு வாத்தியார் கன்னம் வீங்கி வந்தார். என் சிலேட்டைத் திருத்தக் குனிந்தபோது அவர் வாயிலிருந்து கிராம்புத் தைலம் மணந்தது. பஞ்சில் நனைத்துப் பல்லில் வைத்திருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எழுத்து மறந்துவிட்டது. நீ வந்து எதிரில் குந்திக்கொண்டாய்.

அது புளி உலுக்குகிற காலம். இருவருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல். உனக்கு வலப்பக்கம், எனக்கு இடப்பக்கம். புகையிலை வைத்துப் பார்த்தோம், பச்சிலை வைத்துப் பார்த்தோம். கடைசியில் மலையிறங்கி அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பல்லுக்கென்று அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். பிடுங்கிவிடுவார் என்று போனோம், அவர் வேறு விதமாகச் சொன்னார்.

"பல்லை எடுக்க வேணாம். வேருக்குள்ள குழாய் மாதிரி ஒண்ணு இருக்கு. அதுல அழுகினதை வழிச்சிட்டு, ரப்பர் மாதிரி ஒரு குச்சி வெச்சி அடைப்பேன். குச்சியைச் சுத்தி எறும்பு மூக்கு நுழையற சந்துகூட இருக்கக் கூடாது. அதுக்குத்தான் இந்தப் பசை. சீல் பண்ணிடும்."

நீ நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாய்.

"சீலா? இன்னாம்மா சொல்றீங்க? எங்க கொல்லையில நின்ன சந்தன மரத்துல பாரஸ்ட்டுக்காரங்க சுத்தியால சீல் அடிச்சாங்க. அன்னியிலேர்ந்து அது எங்க மரம் இல்ல. பல்லுக்கும் சீல் வெச்சிட்டா நான் எத்த வெச்சி தின்றது?"

டாக்டரம்மா சிரித்தார். நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் இரண்டு பசைகளை எடுத்துக் காட்டினார். ஒன்று, பொடியைக் கிராம்புத் தைலத்தில் குழைப்பது. மற்றது பிசின் ஜாதி, சீமைச் சரக்கு. எது நிலைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறாராம். நாம் வருஷா வருஷம் வந்து வாயைக் காட்ட வேண்டுமாம்.

"கிராம்புப் பசை சாது. வேணாம்னா தோண்டி எடுத்துடலாம். ஆனா ஈரம் பட்டுப் பட்டு, வருஷம் போகப் போகக் கரையும். பிசின் கரையாது. பல்லோட பல்லா ஒட்டிக்கும். மொதல்ல கொஞ்சம் வலி இருக்கும். பின்னாடி திறக்கணும்னா படாத பாடு."

"எடுக்கற சீலு எனக்கு" என்றாய் உடனே. "ஒட்டற சீலு மச்சானுக்கு வெய்யுங்க. அவன் ஒண்ணும் கேக்க மாட்டான்."

நான் ஒன்றும் கேட்கவில்லைதான். என் வாயில் பஞ்சு இருந்தது.

மலையேறி வந்த மறுநாள் என் முகம் பலாக்காய் ஆயிற்று. என் தங்கை, உன் பொண்டாட்டி, கரண்டிக் காம்பால் கஞ்சி ஊற்றினாள். நீ மலைக்குக் கீழே படவேட்டிலிருந்து ஒரு கரும்பு வாங்கி வந்து என் எதிரில் குந்தினாய். அடிக்கரும்பு. கடைவாயில் கொடுத்துப் பட்டையைக் கிழித்தாய். நிதானமாக, கணுக் கணுவாக, சாறு முழங்கையில் வழிய வழிய. சக்கையை என் காலடியில் துப்பினாய்.

"பாத்தியா மச்சான், சீல் வேலை செய்யுது. இனிமே அது கவர்மெண்டுப் பல்லு. நீ செத்தா உன்னப் பொதைக்க பர்மிட் வாங்கணும்."

எனக்கு வாய் திறக்கவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. மச்சான் அழுதான் என்று ஊர் பூராவும் சொன்னாய்.

அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பஞ்சாயத்தில் நான் உட்கார வந்தால், "கவர்மெண்டு வருது, எந்திரிங்கடா" என்பாய். என் மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் உன் வாய் சும்மா இருக்கவில்லை. "பையன் தங்கம். அப்பன் வாயில மட்டும் கொஞ்சம் பொறம்போக்கு." பெண் வீட்டார் சிரித்த சிரிப்பில் சம்பந்தம் உறுதியாயிற்று. அதற்கும் நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டுமென்று எதிர்பார்த்தாய்.

என் வீக்கம் வற்றியது. பல் கல்லாக நின்றது. டாக்டரம்மாவிடம் நான் வருஷா வருஷம் போனேன். நீ இரண்டு தடவை வந்தாய். பிறகு, "என் பல்லுக்கு நானே பட்டாதாரன்" என்று நின்றுவிட்டாய்.

அப்புறம் வந்ததே அந்தப் பொங்கல். படவேட்டில் இருவரும் கரும்பு வாங்கினோம். நீ உன் கரும்பைக் கத்தியால் சீவித் தரச் சொன்னாய். துண்டை இடப்பக்கமே ஒதுக்கி மென்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு கரும்பு வாங்கினேன், அடிக்கரும்பாகப் பார்த்து. உன் எதிரில் குந்தி, கடைவாயில் கொடுத்துக் கிழித்தேன். மச்சான், அதற்கு முன்னும் பின்னும் எனக்கு எந்தக் கரும்பும் அப்படி இனித்ததில்லை.

திரும்பும்போது வழியெல்லாம் நாக்கால் கடைவாயைத் துழாவிக்கொண்டே வந்தாய். மேடு ஏறி நின்றபோதுதான் வாய் திறந்தாய்.

"கிராம்பு கரைஞ்சிட்ச்சி போல கீதுடா. உள்ள தெறிக்குது. டாக்டரம்மாகிட்ட இட்டுனு போ. ஒட்டற சீலே வெச்சிக்கறேன்."

"பர்மிட் இருக்குதா?" என்றேன்.

அதோடு விடவில்லை. மறுநாள் மாட்டுப் பொங்கல். உன் பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்த இடத்தில், "என் வாயும் பொறம்போக்கு ஆவணும்" என்று உன்னையே சொல்ல வைத்த பிறகுதான் கூட்டிப் போனேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். உன் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். கிராம்புப் பசை ஓரமெல்லாம் கரைந்திருக்கிறது, நல்ல வேளை, தோண்டி எடுக்கிற பசை என்றார். "இப்ப சுண்ணாம்புல ஒண்ணு புதுசா வந்திருக்கு. வெச்சிப் பாக்கலாமா?"

"கிராம்பு ஆச்சி, சுண்ணாம்பு ஆச்சி" என்றாய். "வெத்தல பாக்கும் வெச்சி மடிச்சிக் குடுத்துடுங்கம்மா. இல்லன்னா மச்சானுக்கு வெச்சதையே வெய்யுங்க."

அவ்வளவு வலியிலும் அந்த வாய் அடங்கவில்லை. பிசினையே வைத்தார். உன் முகம் பலாக்காய் ஆவதைப் பார்க்க ஆசையோடு காத்திருந்தேன். வீங்கவே இல்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் இருக்கிறது.

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. புதுச் சீல் வைத்த பல்லால் ஒரு கரும்புகூட நீ கடிக்கவில்லை. குழியில் இறக்கியபோது எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் விளிம்பில் குனிந்து, "பர்மிட் வாங்கியாச்சா மச்சான்?" என்றேன். மெதுவாகத்தான் கேட்க நினைத்தேன். சத்தமாக வந்துவிட்டது. என் தங்கை ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து என் முதுகில் வீசினாள். "உனக்கு நெஞ்சு இருக்குதாண்ணா?" என்றாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அது அழுகை இல்லை. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா கேட்டார். "மச்சான் எங்க? அவர் வாயையும் பாக்கணுமே."

"அவன் பல்லை மண்ணுக்குள்ள வெச்சிருக்கோம்மா. கரையாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் சிரிக்கவில்லை. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

இப்போது என் வாயில் மற்றதெல்லாம் விழுந்துவிட்டது. சீல் வைத்தது ஒன்றுதான் நிற்கிறது. நாக்கால் தடவித் தடவிப் பார்க்கிறேன், அசையவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். போன பொங்கலுக்கு ஒரு கரும்பு வாங்கிக்கொண்டு, உன்னைப் புதைத்த இடத்துக்கு வந்து குந்தினேன், உரித்துக் காட்டலாம் என்று. பல் பட்டையில் பதிந்தது. மேலே பிடித்துக்கொள்ள எதிர்ப்பல் இல்லை. கரும்பு வழுக்கி வழுக்கிப் போயிற்று. எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் ஒற்றைப் பல் ஒன்றையும் கடிக்காது என்று அன்றுதான் தெரிந்தது. கரும்பை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். எறும்பு தின்றிருக்கும்.

அடுத்த வாரம் பள்ளியில் விலாசம் எழுதச் சொல்லித் தருகிறார்கள். உன் விலாசத்தை எப்படி எழுதுவதென்று வாத்தியாரைக் கேட்பேன். மண்ணுக்குக் கீழே, கவர்மெண்டுப் பல், ஜவ்வாது மலை. அதைக் கற்றுக்கொண்டதும் இந்தக் கடிதத்தைத்தான் முதலில் தபாலில் போடுவேன். படிக்கத் தெரியாவிட்டால் போகிறது. கைநாட்டு வைத்துத் திருப்பி அனுப்பு.