ஏன் எனக்கு ஆக்சிஜன் தரவில்லை?

ஜெஞ்சாரோம்
5 அக்டோபர் 2023

அன்பு மகள் ஷாமினிக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன் எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. தொண்டை புண்ணாக இருக்கிறது. நாலு வார்த்தை பேசினால் இருமல் வந்துவிடுகிறது. என் பட்டன் போனில் தமிழ் அடிக்கவும் வராது. நீ அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டுப் போன ஹாஸ்டல் முகவரி இப்போதுதான் உதவுகிறது.

போன வாரம் தோட்டத்தில் செம்பனை மரங்களுக்கு அடியில் களைமருந்து அடித்தோம். என் பம்பு ஒழுகி முதுகெல்லாம் நனைந்துவிட்டது. வேலை வாங்குகிற மண்டோரிடம் சொன்னேன். "இன்னும் ரெண்டு டிரிப்தானே அக்கா, முடிச்சிட்டுப் போய்க் குளிங்க லா" என்றான். முடித்துவிட்டுத்தான் வந்தேன். இப்போது இடுப்புக்கு மேலே தோல் வெந்து உரிகிறது. பக்கத்து வீட்டு இராஜம்மா எண்ணெய் தடவிவிடுகிறாள். அவளும் என்னோடு மருந்து அடிக்கிறவள்தானே, இதெல்லாம் அவளுக்குப் பழக்கம்.

மருந்து லேபிள் இல்லாத டிரம்மில் வந்தது. மூன்று நாலு வருஷத்துக்கு முன்பு நிறுத்தினார்களே, அந்தப் பச்சை மருந்தின் வாடை. காலையில் அடித்த புல் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வாடிவிட்டது.

நீ இலையைப் பற்றிப் படிக்கிறாய் என்றேன். "இலையில படிக்க என்னா இருக்கு?" என்று இராஜம்மா கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. புரிகிற மாதிரி எழுது.

உன் அம்மா,
லோகேஸ்வரி


ஹாஸ்டல், கோலாலம்பூர்
11 அக்டோபர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம்! ஆனாலும் நீ போன் எடுக்காதது பிடிக்கவில்லை. கிளினிக்குக்குப் போ. எண்ணெய் போதாது.

இராஜம்மா அத்தைக்குச் சொல்: வெயில் பட்டதும் இலையின் பச்சையத்திலிருந்து எலெக்ட்ரான் என்று ஒன்று கிளம்பும். லோரியிலிருந்து உரப்பை இறக்கும்போது வரிசையாக நின்று கை மாற்றுவீர்களே, அப்படி அது கை மாறிக்கொண்டே போகும். அந்தச் சக்தியை வைத்துத்தான் காற்றிலிருக்கும் கார்பனை இலை சர்க்கரையாக்குகிறது. நாம் சாப்பிடும் சோறு முழுக்க அப்படி வந்ததுதான்.

சொல்லச் சுலபமாக இருக்கிறது. முதல் டெஸ்டில் எனக்கு முப்பத்தொன்று. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் கார்பனுக்கு நாலு கை என்பதைத் தவிர எதுவும் மண்டையில் நிற்கவில்லை. திட்டாதே.

ஷாமினி


ஜெஞ்சாரோம்
18 அக்டோபர்

அன்பு மகளுக்கு,

முப்பத்தொன்றுக்கு யாராவது திட்டுவார்களா? நான் பள்ளியில் அவ்வளவு வாங்கியதே இல்லை. இராஜம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். பாதியில் மூச்சு வாங்கியது, மீதியை அவளே படித்தாள். "நம்ம புள்ள வாத்தியாரா வந்துரும்" என்றாள்.

கிளினிக்கில் இருமல் மருந்து கொடுத்தார்கள். வேலைக்குப் போகவில்லை. குழாயடியிலிருந்து வாளி தூக்கி வர மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. மழைக்காலம், சளி கட்டியிருக்கும். நீ பஸ் ஏறி வந்து நிற்காதே. பாடம் போய்விடும்.

அம்மா


கிள்ளான் ஆஸ்பத்திரி, வார்டுக்கு வெளியே
25 அக்டோபர்

அம்மா,

நேற்று நான் திடீரென்று வந்து உன்னைக் காரில் ஏற்றியதும், "ஏன்?" என்று கேட்டாய். இராஜம்மா அத்தை எதிரில் சொல்ல வாய் வரவில்லை. பேச உனக்கும் மூச்சு போதாது. அதனால் இந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கினேன். நீயும் இதிலேயே எழுது. நர்ஸ் கொண்டுவந்து கொடுப்பார்.

நேற்றுக் காலை வகுப்பில் டாக்டர் வசுந்தரா களைக்கொல்லிகளைப் பற்றி எடுத்தார். பாராகுவாட் என்று ஒன்று. நான் சொன்னேனே, எலெக்ட்ரான் கை மாறும் வரிசை, அதன் நடுவில் இது புகுந்து நிற்கும். எலெக்ட்ரானைப் பிடுங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கும். அந்த ஆக்சிஜன் நெருப்பு மாதிரியாகி இலையைக் கிழித்துப்போடும். மருந்து தீராது, வெறுங்கையோடு மறுபடி வந்து நிற்கும். "வெயிலில் சில மணி நேரத்தில் வாடிவிடும். இந்த நாட்டில் தடை செய்தாயிற்று" என்றார்.

உன் முதல் கடிதம் என் பைக்குள் இருந்தது. வகுப்பு முடிந்ததும் அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "அம்மாவுக்கு மூச்சு வாங்குதா மா?" தலையாட்டினேன். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு அவரே கிளம்பிவிட்டார்.

ஷாமினி


26 அக்டோபர்

ஷாமினி,

இங்கே மைலோவில் சீனி அதிகம். மற்றபடி நல்ல பிள்ளைகள். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. பக்கத்துக் கட்டில் சீன ஆன்டிக்கு மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்கள். அவருக்கு என்னளவு மூச்சு வாங்கவில்லை. நான் கேட்டால் டாக்டர் நஸ்ரின், "கொஞ்சம் பொறுங்க ஆன்டி" என்றே சொல்கிறார். ஏன் எனக்கு ஆக்சிஜன் தரவில்லை? தோட்டத்து ஆள் என்றா? நீ படிக்கிறவள். நீ சொன்னால் நம்புவேன்.

அம்மா


27 அக்டோபர்

அம்மா,

அப்படியெல்லாம் இல்லை. டாக்டர் நஸ்ரின் மேல் கோபப்படாதே.

இதை நேற்று இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். உன் தோல் வழியாக இறங்கிய மருந்தை நுரையீரல் இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. நம் உடம்பிலும் எலெக்ட்ரான்கள் உண்டு. இலையில் செய்த வேலையை அது உனக்குள்ளும் செய்கிறது, வெயில்கூட வேண்டாம். எலெக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. ஆக்சிஜன் எவ்வளவு கொடுக்கிறோமோ அவ்வளவு வேகமாக நுரையீரல் வெந்துபோகும். அதனால்தான் முடிந்தவரை தள்ளிப்போடுகிறார்கள்.

வைத்தியம் இருக்கிறதா என்று நீ கேட்கவில்லை. கேட்டுவிடாதே அம்மா.

ஷாமினி


29 அக்டோபர்

கண்ணு,

இரண்டு தரம் படித்தேன். புரிந்தது. நீ மறைத்திருந்தால் அந்த டாக்டர் பிள்ளையைத் திட்டிக்கொண்டே போயிருப்பேன்.

இராஜம்மா அந்த டிரம்மைத் தொடக் கூடாது. இன்றே சொல். மற்றவர்களிடமும் சொல்லச் சொல்.

செவ்வாய்க்கிழமை உனக்கு டெஸ்ட். போய் எழுது. இங்கே உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பதால் எனக்கு மூச்சு வராது.

கை வலிக்கிறது.

அம்மா


2 நவம்பர்

அம்மா,

டெஸ்டுக்குப் போனேன். மூன்றாவது கேள்வியே பாராகுவாட்தான், பத்து மார்க். ஒரு வரி விடாமல் எழுதினேன். எழுதி முடித்ததும் பேப்பரைக் கொடுத்துவிட்டுக் கழிப்பறையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

இராஜம்மா அத்தை மருந்து அடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் பம்பை அன்றைக்கே வேறொரு அக்காவின் முதுகில் மாட்டிவிட்டார்கள். டாக்டர் வசுந்தரா விவசாய இலாகாவில் புகார் கொடுத்தார். ஆள் வந்து பார்த்தபோது டிரம் அங்கே இல்லை. "எந்த டிரம்?" என்று மண்டோர் கேட்டானாம். இதையெல்லாம் உன்னிடம் சொல்லவில்லை.

இன்று காலை டாக்டர் நஸ்ரின் என்னை வெளியே கூப்பிட்டார். "ஷாமினி, உனக்குப் புரியும். இனிமே ஆக்சிஜன் குடுக்கலாம்னு இருக்கோம். அம்மாவுக்குக் கஷ்டம் தெரியாம இருக்கட்டும்" என்றார். புரிந்தது. வெந்துபோக இனி ஒன்றும் மிச்சமில்லை.

நர்ஸ் குழாயை மூக்கில் வைத்ததும் நீ என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாய். சீன ஆன்டி, "பாகுஸ், பாகுஸ்" என்று மலாயில் பாராட்டிக் கைதட்டினார். நானும் சிரித்தேன். எல்லாம் தெரிந்துதான் காட்டினாயா? இல்லை, பிழைத்துவிட்டோம் என்று நினைத்தாயா? அதைக் கேட்கத்தான் இதை எழுத ஆரம்பித்தேன்.

இப்போது தூங்குகிறாய். கேட்க எனக்குத் தைரியமில்லை. இந்தத் தாளைக் கிழித்து என் பையில் வைத்துக்கொள்கிறேன். நீ கண் விழித்தால் பார்க்க, நோட்டில் வேறொன்று எழுதி வைத்திருக்கிறேன்: "டெஸ்ட் நன்றாக எழுதினேன் அம்மா. இங்கேதான் இருக்கிறேன்."

ஷாமினி