சீட்டைப் பிடித்த கை

ஜூன் 9, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலை, பல்கூட விளக்காமல், கேமரா விற்கிற நெய்க்காரப்பட்டிக்காரர் படம் அனுப்பிவிட்டாரா என்று போனைப் பார்த்தது. வந்திருந்தது. அப்புறம்தான் பால் வாங்கப் போனேன். விடியும்போதே காற்று. வாசல் முழுக்கப் புழுதி.

இரட்டை லென்ஸ் கேமரா. மேலே இருந்து குனிந்து பார்த்து எடுக்கிற வகை. தோல் உறை உண்டு. விற்பனைக்குப் போட்டு நாலு நாள்தான் ஆகிறது. விலை ரொம்பக் குறைவு. அதனாலேயே பயம்.

போன வருஷம் பார்சலில் வந்தது மறக்குமா? லென்ஸ் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. விற்றவன் நம்பர் அன்றைக்கே ஸ்விட்ச் ஆஃப். என் வீட்டுக்காரர், இவர், இன்னும் அதை விடவில்லை. "பூசணம் பிடிச்ச டப்பாவுக்கு இம்புட்டுக் காசு குடுத்த ஒரே ஆள் நீதான்."

அதற்குப் பிறகு என் சட்டங்கள்:
— இதே படம் வேறு ஊரில், வேறு பெயரில் கிடக்கிறதா என்று தேடு.
— கேமராவோடு ஒரு சீட்டு. அன்றைய தேதி, என் பெயர், கையால் எழுதி, ஒரே படத்தில்.
— லென்ஸுக்குப் பின்னால் டார்ச் அடித்து ஒரு படம்.
— ஷட்டர் சத்தம், வீடியோவில்.
— கையில் வாங்கும்வரை பணம் கிடையாது.

இன்று வந்தது சீட்டுப் படம். பிடித்திருப்பது ஒரு பெண்ணின் கை. பச்சைக் கண்ணாடி வளையல் நாலு. கை ஆடியதில் எழுத்து கலங்கிவிட்டது. தேதி தெரியாத சீட்டை வைத்து என்ன செய்ய? 'கை ஆடுது, படம் தெளிவா இல்ல, நாளைக்கு வேற எடுத்து அனுப்புங்க' என்று பதில் போட்டேன்.

எங்கள் பள்ளி நூலகத்துக்குப் புதுப் புத்தகக் கட்டு வந்திருக்கிறது. பிரிக்கவில்லை. சோற்றுக்கு வெஞ்சனம் கத்திரிக்காய்.

ஜூன் 10, புதன்

காலையில் புதுப் படம். தேதி பளிச்சென்று இருந்தது. அதை மட்டும்தான் பார்த்தேன்.

மதியம் அவரே கூப்பிட்டார். இனிக்க இனிக்கப் பேச்சு.

"ஏனுங்கக்கா, இப்பத் தெளிவா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குங்க."

"ஊட்டுக்காரிதானுங்க புடிச்சது. கை ஆடுதுன்னு நீங்க சொன்னத அவகிட்டச் சொன்னனுங்க. இனி ஆடாதுங்க."

சிரித்தார். நானும் சிரித்தேன். இங்கேயாவது எழுதிவைக்கிறேன்: நானும் சிரித்தேன்.

போனை வைத்த பிறகு படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். அதே கை. மேஜைமேல் அழுத்தி வைத்திருக்கிறது. ஆடவே இல்லை. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் சேர்த்துத் துணிக் கட்டு. வளையல் ஒன்றுதான் மிச்சம்.

சாயந்தரம் இவரிடம் காட்டினேன். "அருவாமனைல அறுத்திருப்பா. நீ வேற!" காப்பியை வைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "இல்லைன்னா, இதுவே ஒரு ஏமாத்து வேலையா இருக்கும். பாவம் பாத்து நீ சட்டுன்னு பணத்தப் போடுவேன்னு."

இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்படித் தோன்றியதில் ஒரு நிம்மதியும் வந்ததே, அது என்ன மனசு?

வாங்க வேண்டியது: துணிப்பவுடர், தீப்பெட்டி, இவருக்கு மாத்திரை.

ஜூன் 11, வியாழன்

காற்று நிற்கவில்லை. எதிர்வீட்டுத் தகரம் நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கிறது.

ஷட்டர் வீடியோ வந்தது. ஒரு வினாடி வேகத்தில் வைத்து நாலு தடவை அழுத்தச் சொல்லியிருந்தேன். பழைய கேமரா அந்த வேகத்தில்தான் சிக்கி இழுக்கும். காதில் ஹெட்செட் மாட்டி, சத்தத்தை முழுசாக வைத்துக் கேட்டேன்.

ஷட்டர் நன்றாக ஓடுகிறது.

மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில், தூரத்தில், பெண் குரல். "எங்கப்பா கேமராங்க அது. அது ஒண்ணுதானுங்க இருக்குது. வேண்டாங்க." உடனே அவர் குரல், தணிந்து: "இன்னொரு கை வேணுமா வேண்டாமா?"

பிறகு ஷட்டர்.

ஆறு முறை கேட்டேன். சாதாரணமாகப் போட்டால் ஒன்றும் கேட்காது. அதனால்தான் தெரியாமல் அனுப்பியிருக்கிறார்.

பெண்கள் உதவி எண்ணுக்குப் போட்டேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள். பேர்? தெரியாது. வீடு? நெய்க்காரப்பட்டி. தெரு? தெரியாது. "முகவரி கிடைச்சா உடனே கூப்பிடுங்க மேடம்."

என் சட்டங்கள் எல்லாம் நான் ஏமாறாமல் இருக்கத்தான். சீட்டைப் பிடிக்கிறவளைப் பற்றி ஒன்றிலும் ஒரு வரி இல்லை.

ஜூன் 12, வெள்ளி

கூப்பிட்டேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன். கூரியர் வேண்டாம், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"தாராளமா வாங்கக்கா. காலைல மார்க்கெட்டுக்குப் போயிருவனுங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு வந்தீங்கன்னாச் சரியா இருக்கும்." வீட்டு நம்பர், தெரு, பக்கத்தில் உரக்கடை என்று எல்லாம் சொன்னார். கடைசியில், "தனியாத்தானுங்களே வருவீங்க?"

ஆமாம் என்றேன். ஏன் கேட்டார்?

முகவரி கையில் இருக்கிறது. உதவி எண்ணுக்கு இப்போதே சொல்லலாம். எண்ணைப் போட்டுவிட்டு நிறுத்தினேன். ஆட்கள் வந்து விசாரித்துவிட்டுப் போன பிறகு, அந்த வீட்டில் அவரோடு இருக்கப்போவது அவள். அவளைக் கேட்காமல் 'கை ஆடுது' என்று ஒரு தடவை வாய் திறந்தேன். இரண்டு விரல். இந்தத் தடவை முதலில் அவளைக் கேட்க வேண்டும்.

"நாளைக்கு லீவுதான? வீட்டுலதான் இருப்ப?" என்று இவர் கேட்டார். துணி மடிக்கிற மாதிரி இருந்துவிட்டேன்.

கேமரா பையைக் காலி செய்தாயிற்று. உள்ளே இருக்கிற பஞ்சுத் தடுப்புகளை எடுத்துவிட்டால் நாலு சேலை கொள்ளும். உதவி எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்தேன். தேதி போடவில்லை.

என்னோடு வந்துவிடு என்று அவளை அழைத்துப் பார்ப்பேன். வரமாட்டேன் என்றால் சீட்டைக் கொடுத்துவிட்டு வருவேன். இதெல்லாமே ஏமாற்று வேலை என்றால், ஏமாந்துவிட்டுப் போகிறேன்.

காலை ஐந்தரைக்குப் பழனி பஸ், அங்கிருந்து நெய்க்காரப்பட்டிக்கு இன்னொன்று. எட்டரைக்குள் அந்த வாசலில் நிற்பேன், அவர் மார்க்கெட்டில் இருக்கும்போதே.