ஹெல்சிங்கியிலிருந்து லிஸ்பன்

அன்பு மகள் மெஹ்ரினுக்கு, ஸலாம்.

உன் தம்பிக்காகத் துக்கம் விசாரிக்கக் கிள்ளான் வீட்டுக்கு இன்னும் ஆட்கள் வருகிறார்கள். "ரெண்டு பேரும் ஐரோப்பாவுலதானே லா? அடக்கத்துக்குள்ள அக்கா போயிருக்கலாமே," என்கிறார்கள்.

நானும் பூச்சோங், பிரிக்பீல்ட்ஸ் மாதிரி பக்கம் பக்கம் என்றுதான் இருந்தேன். டிக்கெட் கடைப் பெண் பார்த்துச் சொன்னாள். உன் ஊரிலிருந்து அவன் ஊருக்கு மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டர், விமானத்தில் ஐந்து மணி நேரம். நாம் சென்னைக்குப் போவதைவிடத் தூரம். வருகிறவர்களிடம் அதையே சொல்லித் தேத்தண்ணி கொடுக்கிறேன்.

மய்யித்தைக் காக்க வைப்பது நம்மிடம் வழக்கமில்லை. மதியம் லுஹர் தொழுகைக்கே அடக்கிவிட்டார்கள்.

மாலையில் போய்க் கப்ர் மேல் கை வைத்ததாகச் சொன்னாய். போனில் கேட்க வாய் வரவில்லை. மண் ஈரமாக இருந்ததா? அதை மட்டும் எழுது.

உம்மா