ஐந்தாவது கட்டம்

ஜனவரி 9, வியாழன்

பரிந்துரைக் கடிதங்கள் எழுதும் காலம் வந்துவிட்டது. கல்லூரி ஆசிரியர் அறையில் எனக்கு எதிர் மேசைக்காரர், வேதியியல் வாத்தியார், காலையிலேயே நாலு கடிதம் முடித்துவிட்டார். நாலு பேருமே அவர் பணிக்காலத்தில் பார்த்த 'மோஸ்ட் அவுட்ஸ்டாண்டிங்' மாணவர்களாம்.

"நாலு பேரும் முதலிடமா சார்?" என்றேன்.

"அழுகின தக்காளின்னு போர்டு வச்சா வியாபாரம் ஆகுமா மேடம்?"

எனக்கு இந்தச் சொற்கள் ஆகாமல் போய்விட்டன. பதினேழு வருஷம் வீட்டுக்காரர் வாயில் கேட்டுக் காது புளித்துவிட்டது. காபி போட்டால் 'இன்க்ரெடிபிள்'. திரைச்சீலை மாற்றினால் 'அப்சொல்யூட்லி' என்று ஆரம்பிப்பார். என்னைப் பற்றி என்றால் 'டோட்டலி', 'கம்ப்ளீட்லி'. போன அக்டோபரில் பெட்டியோடு வாசலில் நின்று 'எக்ஸ்ட்ரீம்லி சாரி' என்றார். நான் சரி என்றேன். கதவைச் சாத்தினேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

ஜனவரி 10

பல் தேய்த்தேன், வகுப்பு எடுத்தேன், வந்தேன்.

ஜனவரி 14

கேள்விக்குறி வந்தாள். கடைசி வருஷ இயற்பியல். பாடம் நடக்கும்போது பத்து தடவை கை தூக்குவதால் வகுப்பே வைத்த பெயர். அப்பா பேருந்து ஓட்டுகிறார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முழு உதவித்தொகையோடு ஆராய்ச்சி இடம், ஒன்றே ஒன்று. அதற்குக் கடிதம் வேண்டுமாம்.

"வேற யார்கிட்டயும் கேக்கல மேடம். நீங்க எழுதினாப் போதும்."

எழுதுகிறேன் என்றேன்.

ஜனவரி 19

படிவத்தில் ஐந்து கட்டங்கள். குட், வெரி குட், எக்ஸலண்ட், அவுட்ஸ்டாண்டிங், கடைசியில் ட்ரூலி எக்ஸெப்ஷனல். இரண்டாவதில் டிக் போட்டேன். கடிதத்தில், கவனமானவள், ஒழுங்காக வகுப்புக்கு வருகிறவள் என்று எழுதினேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இது மாணவர் கண்ணில் படக்கூடாத கடிதம். உறையை ஒட்டி அனுப்பிவிட்டேன்.

பிப்ரவரி 27

அவளுக்கு இடம் இல்லை.

"லெட்டர் பாத்துதான் முடிவு பண்ணுவாங்களாம் மேடம். நீங்க உள்ளதத்தானே எழுதியிருப்பீங்க. நான் அவ்ளோதான் போல" என்று சிரித்தாள். பரீட்சை முடிந்ததும் மாமாவின் கூரியர் ஆபீசில் சேரப் போகிறாளாம்.

அவள் போன பிறகு எனக்கு எப்படி இருந்தது? ஒன்றும் இல்லை. விடைத்தாள் திருத்தினேன்.

பிப்ரவரி 28

வேதியியல்காரர் கேட்டார், எந்தக் கட்டம் என்று. இரண்டாவது என்றேன். டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"அங்க ரெண்டாவதுன்னா வேணாம்னு அர்த்தம் மேடம். எல்லாரும் அஞ்சாவதுலதான் போடறாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். பத்தொன்பது வருஷமாகக் கடிதம் எழுதுகிறவளுக்குத் தெரியாதா? நேர்மை என்று எனக்கே கதை சொல்லிக்கொண்டேன். நேர்மையாவது ஒன்றாவது — அந்த மாசம் எனக்கு எதுவுமே பெரிசாத் தெரியல, அவ்வளவுதான். உடைந்த தெர்மாமீட்டரை வைத்து யாருக்கும் காய்ச்சல் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நான் பத்து வருஷமாகத் தப்பாகப் போட்டுக் காட்டிய ஒரு கணக்கைப் போன வருஷம் அவள்தான் கண்டுபிடித்தாள். வகுப்பில் கை தூக்கவில்லை. எல்லோரும் போன பிறகு வந்து, தனியாகச் சொன்னாள். அதை ஏன் எழுதவில்லை நான்?

மார்ச் 3

பல்கலைக்கழகத்துக்குப் புதுக் கடிதம். ஐந்தாவது கட்டம். அந்தக் கணக்கையும் எழுதினேன். முதல் கடிதத்தின் குறை என்னுடையது, அவளுடையது அல்ல என்றும் எழுதினேன்.

மார்ச் 8, சனி

இரண்டு கடிதங்களின் நகலோடு அவள் வீட்டுக்குப் போனேன். காட்டக்கூடாதுதான். காட்டினேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

அவள் இரண்டையும் நிதானமாகப் படித்தாள். "மொதல் லெட்டர்லயும் தப்பா ஒண்ணும் இல்லையே மேடம்."

"அதுதாம்மா தப்பு. உன்னை மாதிரி ஒருத்தி என் வகுப்புல இதுவரைக்கும் உக்காந்ததில்ல. அத நான் எழுதல."

அம்மாதான் கேட்டார்: "இத அப்பவே சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 20

பதில் வந்தது. இடம் நிரம்பிவிட்டது. அடுத்த முறை விண்ணப்பிக்கலாமாம்.

ஜூன் 2

கூரியர் ஆபீஸ் வழியாக வந்தேன். உள்ளே உட்கார்ந்து பார்சலில் முகவரி ஒட்டிக்கொண்டிருந்தாள். நிற்காமல் வந்துவிட்டேன்.

செப்டம்பர் 16

அடுத்த விண்ணப்பத்துக்கு நேரம் வந்துவிட்டது. இன்று ஆசிரியர் அறைக்கு வந்தாள். கையில் படிவம். என் மேசையருகே நின்று வணக்கம் சொன்னாள். நான் பேனாவை எடுத்தேன். அவள் எதிர் மேசைக்குப் போனாள்.

"சார், எனக்கு ஒரு லெட்டர் வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஸாரி மேடம்" என்று அவள் போகும்போது மெதுவாகச் சொன்னாள். பரவாயில்லம்மா என்றேன்.

மத்தியானம் அவர் படிவத்தோடு என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "எனக்கு இந்தப் பொண்ணப் பத்தி என்ன தெரியும்? நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

சொல்லச் சொல்ல எழுதினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. கீழே கையெழுத்து அவருடையது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதேன். அவள் செய்தது சரிதான். ஆனா வலிக்குது. ரொம்ப வலிக்குது.