வெளியே நின்ற இரண்டாம் ஆள்

ஐப்பசி, சனிக்கிழமை இரவு.

தலையில் அடிபட்ட என் பேரனை அமெரிக்கப் பள்ளியில், பந்தைக் கையில் எடுத்து மோதி ஆடுகிற அவர்கள் ஊர்க் கால்பந்தில், மறுபடியும் ஆட இறக்கியது அநியாயம். அணிக்குப் பந்து எறிகிறவன் அவன்; அவன் விழுந்தால் இறங்குவதற்கென்றே இரண்டாம் ஆள் வெளியே நின்றான். காசுக்கு ஆடுகிற பெரிய அணிகளிலேயே தலையில் அடிபட்டால் ஆளை மாற்றுகிறார்கள். வருஷக்கணக்காக அந்த ஆட்டங்களைப் போனில் பார்க்கிறேன்.

"அவென் நல்லாத்தேன் சிரிச்சுக்கிட்டு இருக்கான். அந்த வெளாட்டப் பத்தி ஒங்களுக்கு என்னப்பா தெரியும்? சும்மா பயமுறுத்தாதீக," என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

நரிக்குடிக் கபடியில் தலை அடிபட விழுந்த என் தம்பியும் எழுந்து சிரித்தான். மறுபடி பாடிப் போகச் சொன்னார்கள். அன்று இரவே போய்விட்டான். கண்ணை மூடினால் அந்தச் சிரிப்பு பேரன் முகத்தில் இருக்கிறது.

மகள் இன்றைக்கே அவனை டாக்டரிடம் காட்ட வேண்டும். மருமகன் அந்த விளையாட்டு வாத்தியாரைக் கேட்க வேண்டும். அடுத்த ஆட்டத்தில் அந்த இரண்டாம் பையன்தான் எறிய வேண்டும். நான் இப்போதே மறுபடி போன் போட வேண்டும், அவள் எடுக்கும் வரை.