முப்பத்தொன்பது நல்ல போத்தல்கள்

கற்பிட்டி வீதி,
2017 ஆகஸ்ட் 14.

அன்பு மருமகள் அமானிக்கு,

கற்பிட்டிக் குடாநாட்டில் அரசாங்கம் தேடிக் கண்டுபிடித்த ஒரேயொரு நச்சுக் கிணற்றின் காவலரும், ஊர் நீர்க் குழுவின் தலைவரும் செயலாளரும் ஏனைய உறுப்பினர் அனைவருமாகிய உன் முத்தலிபு மாமா ஸலாத்துடன் எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இந்த வீட்டில் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்: நான், பூனை, நுளம்பு. உன்னையும் மாப்பிள்ளையையும், பத்து மாதச் சக்கரவர்த்தி முபாரிஸையும் அவன் சுகமாக வைத்திருக்க வேண்டும்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நான் ஸலாம் சொல்லி முடிப்பதற்குள் நீ "மாமா, புள்ள அழுவுறான், பொறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் பிள்ளை தூங்கும்வரை மேசையில் காத்திருக்கும். அதற்கு வேறு வேலையில்லை, எனக்கும்தான்.

முதலில் பெரிய செய்தி. நமது கிணற்றில் சிவப்புப் பலகை கட்டியிருக்கிறார்கள். "குடிப்பதற்கு உகந்ததல்ல" என்று மூன்று மொழியில், கடலில் போகிற கப்பலுக்கும் தெரிகிற எழுத்தில். உன் கலியாண அழைப்பிதழைக்கூட நான் இவ்வளவு அழகாக அச்சடிக்கவில்லை. கலியாணத்துக்கு இந்த வீட்டின் உறுதிப் பத்திரத்தை உன் பெயரில் எழுதியதால் பலகையும் உன் சொத்துத்தான். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

மாகாண சபை ஒரு புதிய ஒழுங்குவிதி கொண்டுவரப் போகிறது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடுகிற உரம் இந்த மணலுக்குள்ளால் இறங்கிக் கிணறுகளில் சேருகிறது. உப்பென்றால் நாக்குக்குத் தெரியும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பால்குடிப் பிள்ளைகளுக்குத்தான் அது முதல் எதிரியாம். ஆகவே எந்த ஊர்க் கிணறுகள் கெட்டிருக்கின்றனவோ அந்த ஊர்களை ஒரு பட்டியலில் போட்டு, குடிநீர்க் கிணற்றைச் சுற்றி உரத்துக்கு எல்லை வைத்து, குழாய்த் தண்ணீரையும் முதலில் அங்கே கொடுப்பார்கள். பட்டியலில் இல்லாத ஊருக்கு ஒன்றும் கிடையாது.

இதற்காக ஒரு சிங்களப் பிள்ளை, அந்தச் சபை அலுவலகத்து மிஸ், நோன்பு இருபதில் நாற்பது சின்னப் போத்தல்களோடு வந்தாள். வீட்டுக்கு ஒன்று. அவரவர் கிணற்றில் அள்ளி, பெயர் எழுதி, மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும். ஊருக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பை என்னிடம் தந்தாள். பாவம், அவளுக்கு என்னைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் நான் பேசிய பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும். இரண்டு தென்னை மரங்கள் அழுதன. "ஜமாஅத்தார்களே, அரசாங்கம் நமது வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்கிறது. நமது ஊரின் மானம் இந்தப் போத்தலுக்குள்தான் இருக்கிறது" என்று முழங்கினேன். கிணற்றுத் தண்ணீரை உள்ளது உள்ளபடி ஊற்றுங்கள் என்ற ஒரு சின்ன வசனத்தை மட்டும் சொல்ல மறந்துபோனேன்.

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. நாற்பது போத்தலில் முப்பத்தொன்பது பரிசுத்தம். கெட்டது ஒன்றேயொன்று, நம்முடையது. ஊர் பட்டியலில் இல்லை. நம் வீட்டுக்கு மட்டும் சிவப்புப் பலகை.

பக்கத்து வீட்டு ஸபீனாவின் கிணறு நமது கிணற்றிலிருந்து இருபது அடி. இரண்டும் ஒரே மணலில் ஒரே தண்ணீரைக் குடிக்கிற இரட்டைப் பிள்ளைகள். வேலிக்கு மேலால் விசாரணை செய்தேன். அவள் கொஞ்சமும் கூசாமல், "மானம் எண்டு நீங்கதானே சொன்னீங்க, முத்தலிபு நானா. நோன்பு நாளையில வீடு தேடி வந்த பாத்திரத்தில கிணத்துத் தண்ணியவா ஊத்தி அனுப்புற? நான் லொறித் தண்ணிதான் ஊத்தினன். போத்தலையும் மூணு தரம் கழுவினன்" என்றாள்.

உனக்கு விளங்கும். நோன்புக் கஞ்சி வந்த கோப்பையை நாம் என்றைக்காவது வெறுமையாகவோ, மட்டமான ஒன்றைப் போட்டோ திருப்பி அனுப்பியிருக்கிறோமா? முப்பத்தொன்பது வீட்டிலும் அதே கதை. லொறியில் வருகிற பில்டர் தண்ணீரில் ஆகத் தெளிவானதை அரசாங்கத்துக்கு ஊற்றியிருக்கிறார்கள். ஒருத்தி இரண்டு துளி பன்னீரும் விட்டாளாம். ஆய்வுகூடம் அதைக் கண்டுபிடிக்கவில்லை, அல்லது கண்டும் பண்பாக இருந்துவிட்டது. உன் மாமா மட்டும் உண்மையான தண்ணீர் கொடுத்தது நேர்மையால் அல்ல. அன்றைக்கு வீட்டில் லொறித் தண்ணீர் முடிந்திருந்தது.

இதைத் திருத்த வேண்டும் என்று வீடு வீடாகப் போனேன். மீண்டும் சோதிக்கச் சொல்லி ஒப்பமிடுங்கள் என்றேன். எல்லோரும் தேத்தண்ணி தந்தார்கள், ஒப்பம் தரவில்லை. அரசாங்கத்துக்குக் கள்ளத் தண்ணீர் கொடுத்தோம் என்று எழுதிக் கொடுத்தால் பொலிஸ் வரும் என்று பயம். மர்ஸூக்குக்கு அந்தப் பயம் இல்லை, அவனுக்குத் தன் வெங்காயத் தோட்டம்தான் கவலை. "உரம் போடாட்டி நீயா வந்து வெளைவிச்சுத் தருவா? முப்பத்தொன்பது வீடு நல்லம் எண்டு கவர்மெந்து சொல்லுது. கெட்டது ஒரு வீடு. அந்த வீட்டுல ஆரு இருக்கிற எண்டு பாரு" என்றான். நானும் சும்மா இருக்கவில்லை. அவனுடைய பேரப்பிள்ளைகள் குடிப்பதும் லொறித் தண்ணீர்தானே, வெங்காயத்துக்கு இருக்கிற மரியாதை அதுகளுக்கு இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இருபத்தேழு வருடம் பின்னேரம் தவறாமல் கரம் போர்டு விளையாட வந்தவன், அன்றோடு வருவதில்லை. இப்போது இரண்டு பக்கமும் நானே இருந்து விளையாடுகிறேன். நானே கள்ள ஆட்டம் ஆடி, நானே பிடித்து, நானே கோபித்துக்கொண்டு எழும்பிப் போகிறேன். போட்டி கடுமை. நேற்று இரண்டு பேரும் தோற்றோம்.

ஒழுங்குவிதி பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று குருநாகலில் போன கிழமை ஒரு கூட்டம் வைத்தார்கள். புத்தளத்தில் பஸ் மாறி, தனி ஒருவனாகப் படையெடுத்துப் போனேன். நூஹ் நபி காலத்து வெள்ளத்தில் தொடங்கி ஏழு பக்கம் எழுதி வைத்திருந்தேன். தலைக்கு மூன்று நிமிடம் என்றார்கள். வெள்ளம் வடிவதற்கே அது போதாது. ஆகவே கடதாசியை மடித்து வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "ஐயா, முப்பத்தொன்பதும் கடைத் தண்ணீர். பிழை ஊராருடையது அல்ல, என் வாயினுடையது" என்றேன். மண்டபமே சிரித்தது. போத்தல் கொண்டுவந்த மிஸ் மட்டும் சிரிக்காமல் குனிந்து எழுதினாள்.

மேசையில் நடுவில் இருந்த பெரிய ஐயா நல்ல மனிதர். ஆய்வுகூட அறிக்கையை ஒருவருடைய வாய்ப் பேச்சுக்காக ஒதுக்க முடியாது என்றார். உறுதி தன் பெயரில் உள்ள, தண்ணீரால் பாதிக்கப்பட்ட ஒரு வீட்டுக்காரர் எழுத்தில், ஒப்பத்தோடு, இந்த மாதம் முப்பத்தோராம் திகதிக்குள் தந்தால், அலுவலகமே வந்து எல்லாக் கிணற்றிலும் தன் கையால் அள்ளிச் சோதிக்கும் என்றார். பிறகு, "உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

அமானி, வாய்க்குப் பூட்டுப் போட முடியாதவன் என்று பெயரெடுத்த நான், மூன்று நிமிடத்தில் மீதியிருந்ததை எல்லாம் அந்தக் கேள்விக்குச் செலவழித்தேன். "ஒருவன் இருக்கிறான். இன்னும் வரவில்லை" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

தொண்ணூறாம் ஆண்டு எருக்கலம்பிட்டியிலிருந்து விரட்டப்பட்டு வள்ளத்தில் இங்கே வந்து இறங்கியபோது உனக்கு ஒன்றரை வயது. என் கூடப்பிறந்தவள், உன் உம்மா, மௌத்தாகி அடக்கம் செய்து ஆறு மாதம். நானும் உன் மாமியும் இந்தக் கிணற்றைத் தோண்டினோம். ஊரில் எழுபது முழம் என்று சொல்லியிருக்கிறேன், உண்மையில் ஏழு. அந்தத் தண்ணீரில்தான் உனக்குப் பால்மா கரைத்தோம். அது கெட்டுப்போகும் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

மாமி மௌத்தான நாற்பதாம் நாள் கத்தத்துக்கு வந்தபோது, உன் கைப்பையில் தண்ணீர்ப் போத்தல் இருந்ததைக் கண்டேன். வயிற்றில் பிள்ளையோடு இருந்தாய், அது சரிதான். அஸருக்கு முன்னமே வாகனம் ஏறிவிட்டாய். பிள்ளை பிறந்த பிறகு, "டொக்டர் அந்தத் தண்ணி குடுக்கவே கூடாது எண்டுட்டார், மாமா. தண்ணி சரிவந்ததும் கூட்டிக்கிட்டு வாறன்" என்றாய். அன்றைக்குத்தான் நான் நீர்க் குழுவைத் தொடங்கினேன். லொறித் தண்ணீர் வாங்கி வைக்கலாமே என்று எனக்கும் தோன்றியது. நீ இருக்கிற தெஹிவளைக்கும் நமக்கும் நடுவில் கடல் ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். அதை நான் உன்னிடம் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

எனக்கு வேண்டியது இரண்டு வரி. "வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கெட்டிருப்பதாலேயே என் பிள்ளையை என் வீட்டுக்குக் கொண்டுவர முடியாமல் இருக்கிறேன்" என்று எழுதி, ஒப்பமிட்டு அனுப்பு. உறுதி உன் பெயரில் இருப்பதால் அது செல்லும். நீ ஏழாம் வகுப்பில் என் ஒப்பத்தைப் போட்டு ரிப்போர்ட்டைக் கொடுத்தது போல நானும் உன் ஒப்பத்தைப் போட்டுவிடலாம். நேற்றுப் போட்டும் பார்த்தேன், உன்னுடையதைவிட அழகாக வந்தது. பிறகு கிழித்துவிட்டேன். அந்த இரண்டு வரியும் உண்மையா என்று எனக்குத் தெரியாது. உனக்குத்தான் தெரியும்.

உண்மையென்றால் உடனே எழுது, மகள். உன் ஒப்பத்தால் நாற்பது வீட்டுப் பிள்ளைகளுக்கும் வழி பிறக்கும். உண்மை இல்லையென்றால், எனக்காக எழுத வேண்டாம். நான் குருநாகலுக்கு வேறு வழியில் மறுபடியும் படையெடுப்பேன். கடிதம் வராவிட்டால் தபால் பிந்திவிட்டது என்றே எடுத்துக்கொள்வேன். நம் நாட்டுத் தபால் நூறு வருடம்கூடப் பிந்தும்.

முபாரிஸுக்கு என் துஆ. அவன் எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தாலும் அது அவன் உடம்பில் சேரட்டும்.

ஸலாத்துடன்,
உன் மாமா
முத்தலிபு