யாருங்க தவறிட்டாங்க?

ஞாயிறு, இரவு.

உலக சமாதானத்துக்காக எங்கள் சேவைச் சங்கம் இன்று சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஊர்வலம் போனது. எல்லோருக்கும் வெள்ளைச் சட்டை. பேனரில் 'அமைதி ஊர்வலம்' என்று போட்டதுதான் வினை. டீக்கடைக்காரர் மரியாதையாக ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டார்.

முன்வரிசையில் நானும் பஷீர் பாயும். சங்கத் தலைவர் தேர்தலில் மோதிக்கொண்டதிலிருந்து எங்களுக்குள் பேச்சே இல்லை. பாய் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"நம்ம ரெண்டு பேரு மூஞ்சியப் பாத்தா வேற என்னங்க தோணும்?"

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. ஊர்வலம் போய்விட்டது. நாங்கள் ஷட்டரை ஏற்றச் சொல்லி டீ குடித்தோம்.

உலக சமாதானத்துக்கு என்ன செய்தோம் என்று நாளை நான்தான் அறிக்கை எழுத வேண்டும். இரண்டு டீ என்று எழுதினால் ஒத்துக்கொள்வார்களா?